நீலகிரி மலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம்: புதிதாக வந்த தாய்மாருக்கு

வேலை மாற்றலாகி வெலிங்டனுக்கோ அருவங்காட்டுக்கோ வந்திருப்பீர்கள். கல்யாணமாகி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் குடியேறியிருப்பீர்கள். கையில் குழந்தை இருக்கிறது, சொந்த ஊர்ச் சபையோ மலைக்குக் கீழே எங்கோ இருக்கிறது. ஊரில் என்றால் அம்மா போதகர் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. எந்தக் காகிதம் முதலில் வேண்டும், யாரிடம் கேட்பது, எத்தனை நாள் முன்னால் கேட்பது என்று தெரியாமல் ஞாயிறுக்கு ஞாயிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளிரில் அலைகிற தாய்மார் அநேகர். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

காகித வேலை நாலைந்து வாரத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு எழுந்து நின்று நீங்கள் கொடுக்கும் வாக்கு, பிள்ளை வளரும் காலம் முழுவதும் கூடவே வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. எந்த ஆலயம், எந்தப் பதிவேடு

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞானஸ்நானம் என்பதைக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். நீலகிரியின் சிஎஸ்ஐ சபைகள் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கப் பங்குகள், அதாவது ஒரு பங்குத்தந்தையின் கீழுள்ள சபைகள், உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பெந்தெகொஸ்தே சபைகளில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அங்கே குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள், பிள்ளை வளர்ந்து தானே விசுவாசித்து அறிக்கை செய்தபின்தான் முழுக்கு.

எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்ன ஆலயம் பெரும்பாலும் கிளைச் சபையாக இருக்கும். போதகர் சில ஞாயிறுகளில் மட்டும் வருவார், பதிவேடு தலைமைச் சபையில் இருக்கும். ஆகவே முதல் நாளே கேளுங்கள்: "குழந்தையின் பெயர் எந்தச் சபைப் பதிவேட்டில் ஏறும்?" பதில் வந்ததும் அந்தச் சபையின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குச் சான்றிதழ் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் வழி காட்டும்.

கணவர் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்றால் போதகரைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பிரச்சினை பெரிதாவது எப்போதென்றால், இங்கே ஒரு முறை, ஊரில் பாட்டியின் திருப்திக்கு இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில் ஏற்பாடு செய்யும்போது. கத்தோலிக்கச் சபையும் சிஎஸ்ஐயும் ஞானஸ்நானத்தை ஒரே தரம்தான் கொடுக்கும். ஏற்கெனவே வாங்கியதை மறைத்து இரண்டாம் முறை வாங்குவது பதிவேட்டில் பொய் எழுத வைப்பது.

கேரளத்திலிருந்து வந்த சீரோ மலபார் (கீழை முறைக் கத்தோலிக்க) குடும்பம் என்றால் அதை முதலிலேயே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். லத்தீன் முறைக் கோயிலில் திருமுழுக்கு நடந்தாலும் குழந்தை பெற்றோரின் முறைக்கே உரியது. அதைப் பதிவேட்டில் அப்படியே குறிக்க வேண்டும்.

2. மாற்றல் கடிதம்

அதிக நாள் இழுப்பது இதுதான். சொந்த ஊர்ச் சபையிலிருந்து, "இவர்கள் எங்கள் சபையின் அங்கத்தினர், திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள், சந்தா பாக்கி இல்லை" என்று ஒரு கடிதம் வேண்டும். கத்தோலிக்கர் என்றால் பழைய பங்கிலிருந்து பங்குத்தந்தையின் கடிதம். தற்காலிகமாகத்தான் இங்கே இருக்கிறீர்கள், பங்கு மாறப்போவதில்லை என்றால், "வேறு பங்கில் திருமுழுக்கு கொடுக்க ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கடிதங்கள். ஒன்றைக் கேட்டு மற்றதை வாங்கி வந்து திரும்ப அலைகிறவர்கள் உண்டு, எது வேண்டும் என்று இங்குள்ள அலுவலகத்தில் கேட்டுவிட்டே ஊருக்குப் போன் செய்யுங்கள்.

சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். கட்ட முடியாத நிலை என்றால் வெட்கப்படாமல் போதகரிடம் சொல்லுங்கள். பாக்கிக்குப் பயந்து குழந்தையின் ஞானஸ்நானத்தையே இரண்டு வருஷம் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாத பயம்.

இங்கு வந்து சேர்ந்ததும் ஒரு மாதமாவது ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போங்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலோ, கத்தோலிக்கர் என்றால் உங்கள் தெருவின் அன்பியக் கூட்டத்திலோ (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) முகம் காட்டுங்கள். கடிதம் வருவதற்குள் உங்களை நாலு பேருக்குத் தெரிந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய வீடுகளும் அப்படித்தான் கிடைக்கும்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், ஆலயத் திருமணச் சான்றிதழ், மாற்றல் கடிதம், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) வெளியூர்க்காரர் என்றால் அவர்களுடைய சபையிலிருந்து ஒரு கடிதம். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்.

பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, முதல் சான்றிதழும் இலவசம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் தகவலை அவர்களே அனுப்புவார்கள், ஆனாலும் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குமேல் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஞானஸ்நானத்தன்று பெயர் வைத்துவிட்டோம், சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டோம், அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த நாளுக்கான சான்று அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ்தான். சபை தரும் காகிதம் சபைக் காரியங்களுக்கு: முதல் நற்கருணை, திடப்படுத்தல் (கத்தோலிக்கரிடம் உறுதிபூசுதல்), கல்யாணம்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தைப் பலர் காதோடு காதாகத்தான் பேசுகிறார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு மதத்தால் பட்டியல் மாறாது. இது நியாயமா என்ற கேள்வி பல வருஷமாக எழுப்பப்பட்டு வருகிறது. நியாயமோ இல்லையோ, இதைத் தெரிந்துகொண்டு, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசியபின் போதகரிடம் போங்கள். பிறகு யாரோ சொல்லித் திடுக்கிடுவதைவிட அது நல்லது.

மூலக் காகிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையும் கையெழுத்தும் சரிபார்க்கக் கஷ்டம். அதே சமயம் மழை மாதங்களில் பீரோவுக்குள் வைத்த காகிதமும் இங்கே பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் ஒரு டப்பா, உள்ளே துணியில் முடிந்த ஒரு பிடி அரிசி. அது போதும்.

4. பெயர்

போதகர் பெயரைக் கேட்டு எழுதும்போது வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தும் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஜெனிபர்" என்பதை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் ஓர் எழுத்தைக் கூட்டுவார். கல்யாண ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசிக்கும் காலத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க அலைய வேண்டியிருக்கும்.

வேதத்திலுள்ள பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கத்தோலிக்கச் சட்டம் கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதுதான். அன்பு, அருள், மலர் எல்லாம் நல்ல பெயர்களே. நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள். கர்த்தருடைய கையில் கொடுக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் பயத்தையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டாம். ராகு காலம் பார்த்து ஆராதனை நேரத்தை மாற்றக் கேட்பதும் இதே சங்கதிதான்.

5. ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

தாய் என்ற முறையில் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. முதலில் சட்டம். கத்தோலிக்கரில் ஒருவர் போதும், அல்லது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இரண்டு ஆணோ இரண்டு பெண்ணோ கூடாது. பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும், குழந்தையின் தகப்பனோ தாயோ ஆகக் கூடாது. வேறு சபை நண்பர் ஒருவர் நிற்க ஆசைப்பட்டால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சாட்சியாக நிற்கலாம். சிஎஸ்ஐயில் திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் பங்குபெறுகிறவர்களைக் கேட்பார்கள். பழைய ஒழுங்கின்படி ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தகப்பன், ஒரு ஞானத் தாய். பெண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தாய், ஒரு ஞானத் தகப்பன். எத்தனை பேர் என்று உங்கள் சபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் சுலபம். தவறு நடப்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதில். வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா தங்கச் செயின் போடுவார், எஸ்டேட் அதிகாரி நாளைக்கு உதவுவார், போன கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட நாத்தனாரைச் சமாதானப்படுத்தலாம் என்று ஆள் பிடிப்பார்கள். செயின் கிடைக்கும். பிள்ளை பதினைந்து வயதில் பெற்றோரிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல ஆள் தேடும்போது அந்தச் சித்தப்பா இருக்கமாட்டார்.

கலாத்தியர் 5:22, 23-இல் ஆவியின் கனியென்று ஒன்பது குணங்கள் இருக்கின்றன. ஒன்பதையும் ஒருவரிடம் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள். நான் மூன்றைப் பார்க்கச் சொல்வேன்: நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம். இந்த மூன்றும் ஆலயத்துக்கு வெளியேதான் தெரியும். பஸ் தாமதமானால் கண்டக்டரிடம் எப்படிப் பேசுகிறார்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்? வாங்கிய கைமாற்றைச் சொன்ன நாளில் கொடுக்கிறாரா? ஒருவரைப் பற்றித் தெரிந்த குறையை மூன்றாவது ஆளிடம் சொல்லாமல் இருக்கிறாரா? குடிப்பழக்கத்தை மறைத்து மேடையில் நன்றாக ஜெபிக்கிறவரைவிட, திக்கித் திணறி ஜெபித்தாலும் வீட்டில் சத்தம் போடாதவர் மேல்.

கேட்கும்போது வேலையையும் சொல்லிக் கேளுங்கள். "நிற்பீங்களா அக்கா?" என்றால் எல்லாரும் சரி என்பார்கள். "வருஷத்துக்கு ஒரு முறை, ஞானஸ்நானம் எடுத்த நாளில், பிள்ளைக்கு உங்க கையால ஒரு கடிதம் எழுதணும். தினமும் பேர் சொல்லி ஜெபிக்கணும். திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிற காலத்துல வாரம் ஒரு தடவை பேசணும். முடியுமா?" என்று கேளுங்கள். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள், அவர் நேர்மையானவர். ஒருவர் கீழ்நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, இன்னொருவராவது மலையிலேயே இருக்கட்டும்.

கணவர் விசுவாசி இல்லை என்றால் பயப்படாதீர்கள். கத்தோலிக்கச் சட்டப்படி பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும். ஆனாலும் கணவரிடம் மறைத்துச் செய்யாதீர்கள். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. அவனுக்குள் இருந்த மாயமற்ற விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). இரண்டு பெண்கள் ஒரு வீட்டுக்குள் செய்த வேலை அது.

6. நாள் குறிப்பது

ஒரு மாதம் முன்னால் கேளுங்கள். கத்தோலிக்கச் சட்டம் பிறந்த சில வாரங்களிலேயே திருமுழுக்கு கொடுக்கச் சொல்கிறது, ஞாயிறோ பாஸ்கா திருவிழிப்போ (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடு) உகந்த நாள் என்கிறது. தவக்காலத்தில் பல பங்குகளில் தவிர்ப்பார்கள். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஆயத்த வகுப்பு இருக்கும், அதைத் தவறவிட்டால் தேதி தள்ளிப்போகும். சிஎஸ்ஐயில் பல சபைகளில் மாதத்தில் குறிப்பிட்ட ஞாயிறுதான்.

பிறகு மலையின் நாட்காட்டி. கூடலூர், பந்தலூர் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடைமழை. குன்னூர், கோத்தகிரி என்றால் அக்டோபர், நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயிலும் நிற்கும். ஏப்ரல், மே சீசன்: லாட்ஜ் வாடகை ஏறும், மேலே ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று போலீஸ் மாற்றிவிடுவார்கள். கீழேயிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் விதியைப் பார்த்துப் பதிந்துகொண்டு வரச் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் நின்றால் ஆராதனை தொடங்கியிருக்கும். மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு.

சொந்தக்காரர் எல்லாரும் வரத் தோதான நாள் என்று தேடினால் குழந்தையின் முதல் பிறந்தநாள் வந்துவிடும். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒரு மண்டபம், ஒரு பேனர். அன்றைக்கு ஞானஸ்நானம் விருந்துக்கு முந்தின சடங்காகச் சுருங்கிப்போகும். வரக்கூடியவர்கள் வரட்டும்.

7. செலவு

ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனத்துக்கு விலை கிடையாது. சபை குறித்த காணிக்கை இருந்தால் அலுவலகத்தில் கேட்டு ரசீதோடு கட்டுங்கள். ஏழை என்பதால் யாருக்கும் அது மறுக்கப்படக் கூடாது என்பது கத்தோலிக்கச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. கோயில் பிள்ளைக்கு (ஆலயப் பணியாளருக்கு) உங்களால் முடிந்தது, ஸ்தோத்திரக் காணிக்கை உங்கள் மனதுபோல.

ஆராதனை முடிந்து 25 பேருக்கு டீ கொடுக்க ஒன்றரை லிட்டர் பால், அதே அளவு தண்ணீர், 75 கிராம் டீத்தூள், கால் கிலோ சர்க்கரை போதும். ஆளுக்கு இரண்டு ஊட்டி வர்க்கி, அதாவது ஐம்பது. இது மரியாதையான உபசரிப்பு. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், சின்னத் தண்ணீர் பாட்டில் மாவட்டத்தில் தடை, அபராதம் உண்டு. ஐக்கிய சங்கத்தில் எவர்சில்வர் டம்ளர் இருக்கும், முந்தின நாளே கேட்டு வாங்கிக் கழுவி வையுங்கள்.

பிரியாணிக்காக மகளிர் குழுவில் கடன் எடுக்காதீர்கள். நகையை வைக்காதீர்கள். அந்த வட்டி கட்டும் மாதங்களில் வீட்டில் எழும் சண்டையைக் கேட்டுத்தான் குழந்தை வளரும்.

8. அன்று காலை

தண்ணீர் பற்றி முதலில். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும்போது ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர் கையை வெட்டும். குளிர்ப் பிரதேசங்களில் தண்ணீரை இளஞ்சூடாக்க முறைமையே இடம் தருகிறது, தயங்காமல் கேளுங்கள். முந்தின நாளே கோயில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒரு ஃபிளாஸ்கில் கொதித்த தண்ணீர் கொண்டு போங்கள். போதகர் ஜெபிக்கத் தொடங்குமுன் தொட்டியில் கலந்து, முழங்கை உள்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

முக்கால் மணி நேரம் முன்னால் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, தோளில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை உடுப்பு முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும். கத்தோலிக்க முறையில் நெஞ்சிலும் உச்சியிலும் எண்ணெய் பூசுவார்கள், கழுத்து மூடிய ஸ்வெட்டரை அந்த நேரத்தில் கழற்றினால் குழந்தை வீறிடும். கம்பளித் தொப்பியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபின் கழற்றினால் போதும். இரண்டு துண்டு வேண்டும், ஒன்று துடைக்க, ஒன்று சுற்ற. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காதீர்கள், நெற்றியில் சிலுவை போடும்போது மை எல்லாம் இழுபடும். அன்றைக்கு அதற்குத் தேவையும் இல்லை.

பிடிக்கும் விதம்: குழந்தையின் கழுத்து உங்கள் இடது முழங்கை மடிப்பில், முகம் மேலே, தலை உடம்பைவிடச் சற்றே தாழ, தொட்டிக்கு மேலாக. அப்போது தண்ணீர் நெற்றியிலிருந்து பின்னால் வழியும், கண்ணிலும் காதிலும் இறங்காது. மூன்று முறை ஊற்றுவார்கள். தண்ணீர் தலைத்தோலில் பட்டு ஓட வேண்டும், முடி அடர்த்தியாக இருந்தால் விரலால் விலக்கிக் காட்டுங்கள்.

ஆராதனையில் போதகர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே அந்த ஆராதனை முறைமையின் நகலை வாங்கி, கணவரோடும் ஞானப்பெற்றோரோடும் ஒருமுறை வாசியுங்கள். பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறேன் என்று என்னென்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பது தெரியாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு முணுமுணுக்கிற பெற்றோரைத்தான் பல இடங்களில் பார்க்கலாம். போட்டோ எடுக்க ஒரே ஒருவர், மற்றவர்கள் போனைப் பையில் வைக்கட்டும்.

குழந்தை அழுதால் வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10:14 சொல்கிறது. அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள்: அணைத்துக்கொண்டார், கைகளை வைத்தார், ஆசீர்வதித்தார். அந்தப் பிள்ளைகள் அழுதார்களா சிரித்தார்களா என்று மாற்கு எழுதவே இல்லை.

அவசரம் என்றால் இந்த எதற்கும் காத்திருக்க வேண்டாம். குழந்தை உயிருக்கு ஆபத்தில் இருந்தால் யாரும், பக்கத்திலிருக்கும் நர்ஸ்கூட, நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குழந்தை பிழைத்தால் மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. சபையில் தெரிவித்துப் பதிவு செய்து, மீதி ஜெபங்களை ஆலயத்தில் நிறைவேற்றுவார்கள்.

9. பதிவேட்டில் கையெழுத்து

டீ குடிக்கப் போகுமுன் இதை முடியுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், ஞானஸ்நானத் தேதி, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்தவர் பெயர். எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அன்றைக்கே என்றால் போதகர் அடித்துத் திருத்திக் கையெழுத்திடுவார். பத்து வருஷம் கழித்து என்றால் மனு, ஆதாரம், அலைச்சல். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிதழ் என்று கிடைக்கும் என்று கேளுங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் என்றால் தலை குனிய வேண்டியதில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி மணமாகாத தாய் தானாக எழுத்திலோ இரண்டு சாட்சிகள் முன்னோ கேட்டால் அவள் பெயரைப் பதிய வேண்டும். தத்துப்பிள்ளைக்கும் பதியும் முறை உண்டு. பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசுங்கள், வராந்தாவில் நின்று பேசாதீர்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

அன்னாள் சாமுவேலை ஆலயத்தில் விட்டபின், வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் (1 சாமுவேல் 2:19). போன வருஷத்து அளவு இந்த வருஷம் பற்றாது. பிள்ளையோடு செய்யும் ஜெபத்தையும் அப்படி வருஷத்துக்கு வருஷம் அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

முதல் வருஷம்: தூங்கவைக்கும் முன் நெற்றியில் விரலால் சிலுவை, ஒரு பாட்டு, ஒரு பரமண்டல ஜெபம். மூன்று நிமிஷம். கொழுந்து எடுத்துவிட்டு முதுகு வலியோடு வரும் தாய்க்கும் மூன்று நிமிஷம் முடியும், அரைமணி என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். இரண்டு வயதில் "நன்றி ஏசப்பா" என்று ஒரு பொருளைப் பிள்ளையே சொல்லட்டும்: பால், பூனை, ஸ்வெட்டர், எதுவானாலும். மூன்று, நான்கு வயதில் மாற்கு சுவிசேஷத்திலிருந்து இரவுக்கு ஒரு சம்பவம். பதினாறு அதிகாரம்தான், இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், திரும்பத் தொடங்குங்கள். ஏழு வயதுக்குமேல் பிள்ளையே வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. நம் ஊரில் "சாமி கண்ணைக் குத்தும்" என்பார்கள். கிறிஸ்தவ வீட்டில் அதையே "ஏசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்று மாற்றிச் சொல்கிறோம். சோறு சாப்பிடாத பிள்ளையை அடக்க அது உடனே வேலை செய்யும். ஆனால் சுவிசேஷத்தில் இயேசு கண்ணைத் தொட்டதெல்லாம் பார்வை கொடுக்கத்தான். பெத்சாயிதாவில் ஒருவனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், இரண்டு தரம் தொட்டுக் குணமாக்கினார் (மாற்கு 8:22-25). இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் உள்ளங்கையை அதன் கண்மேல் மெல்ல வைத்து எடுங்கள், மறுபடி வைத்து எடுங்கள். இரண்டாவது முறை எடுக்கும்போது பிள்ளை சிரிக்கும். மிரட்டலுக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம், இயேசுவின் பெயரை அதற்கு எடுக்க வேண்டாம்.

கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டீர்கள் என்றால், அன்றிரவு ஜெபத்துக்கு முன் பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். "நீ தப்புப் பண்ணினதாலதான்" என்று ஒட்டுச் சேர்க்காமல், "அம்மா அடிச்சது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். மன்னிப்பு என்ற சொல்லின் அர்த்தம் பிள்ளைக்கு அங்கேதான் முதலில் தெரியவரும்.

ஆலயத்தில் கொடுத்த மெழுகுதிரியைக் கவனமாக வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போன இரவு கைக்கு முதலில் அகப்படுவது அதுதான், எரித்துத் தீர்த்துவிடுவீர்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் சான்றிதழ் நகல், பதிவு எண் எழுதிய தாள், ஞானப்பெற்றோரின் கடிதங்கள் இவற்றோடு வைத்து மூடுங்கள். வருஷத்தில் ஞானஸ்நான நாளன்று மட்டும் எடுத்து, ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் வரை எரியவிட்டு, பிள்ளையை ஊதி அணைக்கச் சொல்லி, சூடு ஆறியபின் திரும்ப உள்ளே வையுங்கள்.